கீறல் யார் பக்கம்?

முனிர்கா, புது தில்லி
2 நவம்பர் 2008

ராஜவேல் மாமாவுக்கு,

'அன்புள்ள' போடவில்லை. கவனித்திருப்பீர்கள். நீங்கள்தான் எதையும் விடாமல் கவனிக்கிற ஆளாயிற்றே.

தீபாவளி லீவுக்கு வந்தவர், கிளம்புகிற அன்று நான் பால் வாங்கிக்கொண்டு மாடி ஏறுவதற்குள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டீர்கள். போனவர் நேராகப் போயிருக்கலாம். வழியில் லக்ஷ்மிபாய் நகரில் இறங்கி எங்கள் அம்மாவிடம், "உங்க பொண்ணு என்னோட குடும்பம் நடத்தல அத்தை, தூசியோட நடத்துறா" என்று வேறு சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். அம்மா போனில் அதைச் சொல்லிச் சிரித்தாள். அப்புறம் அழுதாள். கல்யாணமாகி நாலு வருஷம், ஒரு பேரப்பிள்ளை உண்டா என்று ஆரம்பித்தாள். எல்லாம் உங்கள் புண்ணியம்.

நேரில் நான் வாயைத் திறந்தாலே சண்டையாகிவிடுகிறது. மலைமேல் உங்கள் ராணுவ போஸ்டில் வாரத்துக்கு இரண்டு நிமிஷம் போன், பின்னால் பத்துப் பேர் வரிசையில் நிற்பார்கள். அதனால் எழுதுகிறேன். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது இல்லையா, முழுசாகக் கேளுங்கள்.

என் ஆராய்ச்சிக்காக லேப் மேஜையில் ஒரு சூடான தட்டும் ஒரு குளிர்ந்த தட்டும் இருக்கின்றன. இரண்டும் சுண்டுவிரல் நகத்தளவு. மேலே ஒன்று, கீழே ஒன்று. தொடவில்லை. நடுவில் காற்றையும் பம்ப் வைத்து உறிஞ்சிவிடுவேன். ஆக, சூடு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் வெயில் வருகிற மாதிரி கதிராகத்தான் போக வேண்டும். அப்படிப் போகிற சூட்டுக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு என்று நூறு வருஷமாகப் பாடம். ஆனால் அந்த வரம்பு தள்ளித் தள்ளி இருக்கிற பொருட்களுக்குச் சொன்னது. ஒரு தலைமுடியை ஐந்நூறாகப் பிளந்தால் ஒரு பங்கு எவ்வளவோ, என் தட்டுகளுக்கு இடையில் அவ்வளவுதான் இடைவெளி. தட்டின் மேல்தோலை விட்டு வராமல் ஒட்டிக்கொண்டே கிடக்கிற சூடு ஒன்று உண்டு. இவ்வளவு நெருக்கத்தில் அதுவும் தாண்டிவிடும் என்று கணக்குப் போட்டுச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். நான் இரண்டு தட்டிலும் ஒற்றை அணு கனத்துக்குக் கரிப் படலம் ஒட்டி, அந்தப் படலத்தைப் பட்டை பட்டையாக வெட்டியிருக்கிறேன். அப்படி வெட்டினால் ஒட்டிக் கிடக்கிற சூடு இன்னும் வலுவாக இருக்கும். அளந்தேன். வரம்பைப் போல நாலு மடங்கு வந்தது. ஒரு தரம் இல்லை, பதினோரு தரம்.

என் கைடு கிருஷ்ணபிரசாத் சார் என்ன சொல்கிறார்? தூசியாம். நடுவில் ஒரு தூசி விழுந்து இரண்டு தட்டையும் தொட்டுக்கொண்டிருக்கிறது, அது வழியாகச் சூடு ஒழுகுகிறது, அவ்வளவுதானாம். "கோடிக்கணக்குல மெஷின் வெச்சிருக்கறவனுக்கே இவ்ளோ வரல. தில்லித் தூசியில உக்காந்துண்டு உனக்கு நாலு மடங்கு வருமா?" என்கிறார். என் தட்டைப் பார்த்துச் சொல்லவில்லை, என் ஊரைப் பார்த்துச் சொல்கிறார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இத்தனைக்கும் நான் வேலை செய்கிற முறை நீங்கள் கற்றுக்கொடுத்தது. போன வருஷம் டேபிள் ஃபேனைப் பிரித்தபோது, "குறி போடாம திருகைத் தொடாதே" என்று என் கையில் அடித்தீர்களே, அன்றிலிருந்து கீழ்த்தட்டின் ஓர் ஓரத்தில் சின்னக் கீறல் போட்டு வைத்திருக்கிறேன். மேல்தட்டு அசையாது. கீழ்த்தட்டைக் கழற்றி மாட்டும்போதெல்லாம் கீறல் என்னைப் பார்த்து இருக்க வேண்டும், அதுதான் என் சட்டம். பம்புக்கு எதிரே என் ஸ்டூல், வலது கைப்பக்கம் ஜன்னல். கண்ணை மூடிக்கொண்டுகூட மாட்டுவேன்.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிறவள் என்று என்னைச் சொன்னீர்கள். மாமா, நான் கால்களை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். எண்ணாமல் சொல்கிறவர்கள்தான் நீங்கள் எல்லாரும்.

அம்சவேணி

(ஸ்வெட்டர் ஒன்றை விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். அனுப்ப மாட்டேன். நான் போட்டுக்கொண்டிருக்கிறேன்.)



மார்பத் 56 ஏ.பி.ஓ.
20 நவம்பர் 2008

அம்சாவுக்கு,

கடிதம் 17ஆம் தேதி கிடைத்தது. நலம். இடத்தின் பெயர் எழுதக் கூடாது. பனி ஆரம்பித்துவிட்டது. பைனாகுலர், திசைகாட்டி, ரேடியோ எல்லாம் குளிரில் ஒவ்வொன்றாகப் படுக்கிறது. எல்லாவற்றுக்கும் நான் ஒரே மெக்கானிக். கையுறையைக் கழற்றினால் விரல் திருகோடு ஒட்டிக்கொள்கிறது.

பால் வாங்கப் போனவளுக்குச் சொல்லாமல் வந்தது தப்பு. அத்தையிடம் சொன்னதும் தப்பு. ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது நான் சொல்வதைக் கேள். மார்ச் மாதம் மலையிலிருந்து இறக்கிவிடுவார்கள். அடுத்தது செகந்திராபாத். அங்கே குடும்பக் குவார்ட்டர்ஸுக்கு என் பெயர் பட்டியலில் முதலில் வந்துவிட்டது. இரண்டு அறை, சமையலறை, பின்னால் முருங்கை மரம் இருக்கிறதாம், போய்ப் பார்த்தவன் சொன்னான். பிப்ரவரிக்குள் மனைவியோடு வருகிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். வேண்டாம் என்றால் பட்டியலில் கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள். மறுபடி முதலில் வர இரண்டு வருஷம் ஆகும். அதற்குள் என்னை வேறு மலைக்கு அனுப்பிவிடுவார்கள்.

நாலு வருஷத்தில் நாம் சேர்ந்து இருந்தது நூற்றுப் பத்து நாள். எண்ணித்தான் சொல்கிறேன், உன்னைப் போலவே.

உன் தட்டு விஷயம் எனக்கு முழுசாகப் புரியவில்லை. குளிர் காய்கிற புகாரி அடுப்புக்கு எவ்வளவு கிட்டே உட்கார்ந்தால் எவ்வளவு சூடு என்பது மட்டும் இப்போது நன்றாகப் புரிகிறது. உன் சாருக்கு அனுபவம் இருக்கிறது. அவர் தூசி என்றால் தூசி என்று எழுதிக் கையெழுத்துப் போடு. பட்டம் வந்துவிடும். பட்டம் வாங்கிய பிறகு நீ நினைத்ததை எங்கே வேண்டுமானாலும் சொல். ஆற்றில் இறங்கியவள் கரை ஏற வேண்டாமா?

ஸ்வெட்டரை வைத்துக்கொள். தில்லியில் உனக்குத் தேவைப்படும்.

ராஜவேல்



முனிர்கா
13 டிசம்பர் 2008

மாமாவுக்கு,

நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு லட்டு கிடைத்தால் சாப்பிடுங்கள்.

பன்னிரண்டாவது தரம் அளக்கிறதைத் தானே பார்க்க வேண்டும் என்றார் கிருஷ்ணபிரசாத் சார். நேற்றுக் காலை ஒன்பது மணிக்கே வந்துவிட்டார். குரங்குக் குல்லா, மஃப்ளர், கையில் ஃபிளாஸ்க். வந்தவர் என் ஸ்டூலில் போய் உட்கார்ந்துகொண்டார். "சார், அது நான் மாட்டற இடம்" என்றேன். "நீ மாட்டு, நான் பாக்கறேன்" என்றார். மூட்டுவலிக்காரர், எழுப்ப மனசு வரவில்லை. நான் ஜன்னல் பக்கமாக நின்றுகொண்டேன்.

அவர் சொன்னபடி கீழ்த்தட்டைக் கழற்றி மூன்று தரம் கழுவினேன். மறுபடி மாட்டினேன். கீறல் என்னைப் பார்த்து இருக்கிறதா என்று இரண்டு தரம் சரி பார்த்தேன். இருந்தது. மூடினோம். பம்ப் ஆறு மணி நேரம் ஓடியது. இடையில் கரண்ட் போய்விடுமோ என்று எனக்கு வேறு பயம். போகவில்லை. என்றைக்கும் போகிற கரண்ட் அன்றைக்குப் பார்த்துப் போகவில்லை.

நாலு மடங்கு வரவில்லை மாமா. ஒன்றேகால்தான் வந்தது. அளவில் வரக்கூடிய பிழையையும் சேர்த்துப் பார்த்தால் பழைய வரம்புக்குள்ளேயே அடக்கம்.

சார் துள்ளிக் குதிக்கவில்லை. அப்படிக் குதித்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். ஃபிளாஸ்க்கிலிருந்து மூடியில் சாயா ஊற்றி என்னிடம் கொடுத்தார். "பாத்தியா, கழுவினதும் போயிடுத்து. தூசிதாம்மா. பதினோரு தரமும் தூசிதான். அதை எல்லாம் பிழைன்னு எழுதிடு, இந்தப் பன்னண்டாவதை முடிவுன்னு எழுது. நான் கையெழுத்துப் போட்டுடறேன்" என்றார். நல்ல மனுஷர்தான். நல்ல மனுஷர் சொல்வதால்தான் எதிர்க்க முடியாமல் போகிறது.

வெளியே வந்தேன். மூடுபனியில் பஸ் எது, லாரி எது என்று தெரியவில்லை. அறைக்குப் போய் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பதினோரு பக்கத்தையும் பார்த்தேன். ஒரே மாதிரி பதினோரு தரம் விழுகிற தூசி எந்த ஊர்த் தூசி? ஒவ்வொரு தரமும் அதே இடத்தில் வந்து உட்கார்ந்து அதே அளவு சூட்டைக் கடத்துமா? என்னிடம் கேள்வி இருக்கிறது. பதில் இல்லை. பதில் இல்லாதவள் சண்டை போட்டால் அதற்குப் பெயர் அடம்.

ஆய்வேடு கொடுக்க பிப்ரவரி 16 கடைசி நாள். அன்று கையெழுத்துப் போடுவேன். குவார்ட்டர்ஸுக்கு எழுதிக் கொடுங்கள். செகந்திராபாத் வருகிறேன், முருங்கைக்காய் சாம்பார் வைக்கிறேன். ஆனால் ஒன்று. கையெழுத்துத்தான் போடுவேன், நம்ப மாட்டேன். என் முன்னால் யாரும் 'தூசி' என்ற சொல்லைச் சொல்லக் கூடாது. நீங்களும்தான். வீடு பெருக்கும்போதுகூட 'குப்பை' என்றுதான் சொல்ல வேண்டும்.

வீட்டுக்காரம்மா தினமும் மாடிப்படியில் நிறுத்தி, "தேரா ஃபௌஜி கப் ஆயேகா?" என்று கேட்கிறாள். என் பட்டாளக்காரர் வர மாட்டார், நான்தான் போகப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

அம்சவேணி



மார்பத் 56 ஏ.பி.ஓ.
2 பிப்ரவரி 2009

அம்சா,

கையெழுத்துப் போட்டுவிட்டாயா? போடாதே.

காரணம் சொல்கிறேன். ஏழு வாரமாக ஹெலிகாப்டர் இல்லை. இன்று காலைதான் வந்தது. உன் டிசம்பர் கடிதம் இப்போதுதான் கைக்கு வந்தது. மதியம் அதே ஹெலிகாப்டர் திரும்பும். அதில் இதை ஏற்ற வேண்டும். போன் செட்டும் டிசம்பரிலிருந்து செத்துக் கிடக்கிறது. அதற்குப் பாகம் வரவில்லை. இல்லையென்றால் இரண்டு நிமிஷத்தில் சொல்லியிருப்பேன்.

முதலில் படித்தபோது சந்தோஷப்பட்டேன். மறைக்க மாட்டேன். நீ வருகிறாய் என்றதும் லங்கர் சமையல் கூடத்துக்குப் போய் இன்னொரு சப்பாத்தி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். பிறகு இன்னொரு தரம் படித்தேன். பிறகு உன் நவம்பர் கடிதத்தை எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன்.

நவம்பரில் எழுதியிருக்கிறாய்: பம்புக்கு எதிரே ஸ்டூல், வலது கைப்பக்கம் ஜன்னல், கீறல் என்னைப் பார்த்து இருக்க வேண்டும்.

டிசம்பரில் எழுதியிருக்கிறாய்: ஸ்டூலில் சார் உட்கார்ந்தார், நான் ஜன்னல் பக்கமாக நின்றேன், கீறல் என்னைப் பார்த்து இருந்தது.

கீறல் உன்னைப் பார்த்துத்தான் இருந்தது. நீ எங்கே இருந்தாய்? கால் வட்டம் தள்ளி நின்றாய். அப்படியானால் தட்டும் கால் வட்டம் திரும்பி உட்கார்ந்திருக்கிறது. மேல்தட்டு அசையாது என்று நீயே எழுதியிருக்கிறாய்.

படலத்தைப் பட்டை பட்டையாக வெட்டியிருக்கிறேன் என்றாய். பதினோரு தரமும் மேல் பட்டையும் கீழ்ப் பட்டையும் ஒரே வாக்கில் ஓடியிருக்கும். பன்னிரண்டாம் தரம் ஒன்றுக்கொன்று குறுக்கே போயிருக்கும். அதனால் சூட்டுக்கு என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியாது. நான் மெக்கானிக். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: பதினோரு அளவும் இந்த அளவும் ஒரே அமைப்பில் எடுத்தவை இல்லை. இதை வைத்து அதைத் தப்பு என்று எழுதக் கூடாது. எங்கள் ஒர்க்‌ஷாப்பில் அப்படி ஒரு ரிப்போர்ட்டில் நான் கையெழுத்துப் போட்டால் பீரங்கி வேறு திசையில் சுடும்.

தப்பு என் பேரிலும் உண்டு. கீறல் போடு என்று மட்டும் சொல்லிக் கொடுத்தேன். கீறலை ஆளோடு சேர்த்து வைக்காதே, அசையாத ஒன்றோடு சேர்த்து வை என்று சொல்ல விட்டுவிட்டேன். ஆள் நகர்ந்துவிடுவான்.

ஹெலிகாப்டர் சத்தம் கேட்கிறது.

ராஜவேல்



முனிர்கா
27 பிப்ரவரி 2009

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் 13ஆம் தேதி மாலை வந்தது. வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை கையெழுத்து. மாடிப்படியிலேயே நின்று படித்தேன். வீட்டுக்காரம்மா ஏதோ கெட்ட செய்தி என்று நினைத்து, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் படியில் உட்கார்ந்து என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். ஐந்து வருஷம் படித்தவளுக்குத் தெரியவில்லை, பனியில் உட்கார்ந்துகொண்டு கடிதம் படிக்கிறவருக்குத் தெரிகிறது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பட்டைகள் ஓடுகிற திசை ஒரு பொருட்டு என்றே எனக்குத் தோன்றவில்லை. பட்டையாக வெட்டினால் சூடு கூடும் என்று வெட்டினேன், அதோடு விட்டுவிட்டேன். இரண்டு சீப்புகளை எதிரெதிரே வைத்துப் பாருங்கள். பல்லும் பல்லும் ஒரே வாக்கில் இருந்தால் ஒன்றுக்குள் ஒன்று போகும். ஒன்றைத் திருப்பிவிட்டால் முட்டிக்கொண்டு நிற்கும். ஒட்டிக் கிடக்கிற சூடும் அப்படித்தான் போலிருக்கிறது. ஒரே வாக்கில் இருந்தால் தாண்டுகிறது, குறுக்கே போட்டால் திணறுகிறது.

சனிக்கிழமை லேபைத் திறக்கச் சொல்லிக் காவல்காரரிடம் கெஞ்சினேன். கீறலைப் பம்பின் பித்தளைக் குழாயைப் பார்த்து வைத்தேன்; அரை வட்டம் திரும்பினாலும் பட்டை அதே வாக்குத்தான். குழாய் எங்கும் எழுந்து போகாது. நாலு மடங்கு. ஞாயிறு, கால் வட்டம் திருப்பினேன். ஒன்றேகால். திங்கள் காலை பழையபடி வைத்தேன், மறுபடி நாலு. அன்று மாலை நாலு மணிக்கு சார் அறைக்குப் போனேன். கையெழுத்துப் போட வேண்டிய தாள் மேஜைமேல் இருந்தது, பேனாவைக்கூட மூடி கழற்றி வைத்திருந்தார்.

"போட மாட்டேன் சார்" என்றேன்.

நோட்டுப் புத்தகத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "இதுவும் தூசியா இருக்கலாம். திருப்பறச்சே நகர்ந்திருக்கும்" என்றார்.

"சார், தூசிக்கு வடக்குத் தெற்கு தெரியுமா? திருப்பினா போய், திரும்பத் திருப்பினா வர்ற தூசி எந்தக் கடையில விக்கறாங்க? அன்னிக்கு நீங்க என் ஸ்டூல்ல உக்காந்தீங்க. அதனாலதான் நான் நகர்ந்தேன், தட்டும் நகர்ந்தது. நீங்க மட்டும் உக்காரலேன்னா இது எனக்கே தெரிஞ்சிருக்காது சார். அதுக்கு நன்றி சொல்லணும் நான்."

அவர் முகம் சிவந்துவிட்டது. கத்தவில்லை. கமிட்டியைக் கூட்டுகிறேன், அவர்கள் முன்னால் காட்டு, தவறினால் உன் ஆராய்ச்சிப் பதிவே ரத்து என்றார். சரி என்றேன்.

கமிட்டியில் அனந்தகிருஷ்ணன் என்று ஒருவர். ரிடையராகப் போகிறவர், யாரையும் நம்பாதவர். அவர் ஒரு வழி சொன்னார். "நீ தட்டைத் தொடக்கூடாது. வெளியில நில்லு. நான் மாட்டறேன். எந்தத் திசையில மாட்டினேன்னு சொல்ல மாட்டேன். துணி போட்டு மூடிடுவேன். சாயங்காலம் உள்ள வந்து நீ நம்பரை மட்டும் பார். பாத்துட்டு, தட்டு எப்படி இருக்குன்னு நீ சொல்லு." ஒரு நாளைக்கு ஒரு தரம், நாலு நாள்.

முதல் நாள் எண்ணைப் பார்த்தேன். "குறுக்கே" என்றேன். அவர் துணியை விலக்காமல் ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டார். இரண்டாம் நாள் "குறுக்கேதான், நேத்து மாதிரியே" என்றேன். இரண்டு நாளும் ஒரே மாதிரி வைப்பாரா யாராவது? எண் அப்படித்தான் சொன்னது, அதனால் நானும் அப்படித்தான் சொன்னேன். மூன்றாம் நாள் "ஒரே வாக்கு". நேற்று எண் இரண்டுக்கும் நடுவில் வந்தது. "சாய்வா வெச்சிருக்கீங்க சார், பாதித் திருப்பம்" என்றேன்.

எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். அனந்தகிருஷ்ணன் சார் காகிதத்தைப் பிரித்து வாசித்தார். நாலும் சரி. இரண்டாம் நாள் அவர் தட்டைத் தொடவே இல்லையாம். கழற்றுகிற மாதிரி சத்தம் மட்டும் பண்ணினாராம்.

கை தட்டுவார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கிருஷ்ணபிரசாத் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு வருஷம் தரேன். புதுசாத் தட்டுப் பண்ணு, புதுசாப் பட்டை வெட்டு, முதல்லேந்து காட்டு. அதுவரைக்கும் நான் எங்கேயும் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார். பட்டம் இல்லை. ஒரு வருஷம் உண்டு. அந்தப் பதினோரு பக்கத்தையும் பிழை என்று எழுதச் சொல்லி இனி யாரும் கேட்கப் போவதில்லை.

இனிமேல்தான் சொல்லப் பயப்படுகிற விஷயம். நான் செகந்திராபாத் வரவில்லை மாமா. வர முடியாது என்று சொல்லவில்லை, வரவில்லை என்று சொல்கிறேன். நூற்றுப் பத்து நாள் என்று எண்ணிச் சொன்னீர்களே, அதைப் படித்த அன்று சாப்பிடவில்லை. எனக்கும் அந்த வீடு வேண்டும். ஆனால் இப்போது விட்டுவிட்டு வந்தால், முருங்கை மரத்தடியில் உட்கார்ந்து உங்களை வெறுக்க ஆரம்பித்துவிடுவேன். குவார்ட்டர்ஸைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைப்பார்களா என்று கேளுங்கள். மாட்டார்கள் என்றால் என்னைத் திட்டுங்கள். இரண்டு பக்கம் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். தீர்மானம் மாறாது.

அம்சா



முனிர்கா
9 மார்ச் 2009

அன்புள்ள மாமாவுக்கு,

இன்று செகந்திராபாத்திலிருந்து ஒரு பழுப்பு உறை வந்தது. மனைவிக்கு நகல் என்று போட்டு உங்கள் விண்ணப்பத்தின் பிரதி. குடும்பக் குவார்ட்டர்ஸ் வேண்டாம், அடுத்தவருக்குக் கொடுத்துவிடலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்.

என் பிப்ரவரிக் கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் எழுதியிருப்பீர்கள் என்று முதலில் நினைத்தேன். அழுதேன். பிறகுதான் தேதியைப் பார்த்தேன். பிப்ரவரி 2. கீறல் பற்றி எனக்கு எழுதிய அதே நாள். அதே ஹெலிகாப்டர்.

அன்றைக்கு உங்களுக்கு என்ன தெரியும்? தட்டு திரும்பியிருந்தது என்று மட்டும்தான் தெரியும். சூடு என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியாது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நான் திருப்பிப் பார்த்து, அப்போதும் ஒன்றேகால் வந்திருந்தால்? தூசிதான் என்று தெரிந்திருந்தால்? வீடும் போய், பட்டமும் போய், நாம் என்ன செய்திருப்போம்? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? நமக்குக் கிடைத்த வீட்டை நீங்கள் மட்டும் வேண்டாமென்று சொல்ல யார் அதிகாரம் கொடுத்தது?

கோபமாகத்தான் இருக்கிறேன். வேறு என்னவாக இருக்கிறேன் என்று எழுதத் தெரியவில்லை.

இன்னொன்று. காரணம் என்ற இடத்தில் 'மனைவியின் ஆராய்ச்சிப் பணி' என்று எழுதியிருக்கிறீர்கள். அதன்மேல் யாரோ சிவப்பு மையில் கோடு போட்டு, 'ஏற்கத்தக்க காரணமன்று, பட்டியலில் கடைசி இடம்' என்று எழுதியிருக்கிறார்கள். அது என்ன?

அம்சா



மார்பத் 56 ஏ.பி.ஓ.
24 மார்ச் 2009

அம்சா,

இரண்டு கடிதமும் சேர்ந்து வந்தன. நாலும் சரி என்ற இடத்தைப் பக்கத்துப் பங்கரில் இருக்கிற நாலு பேருக்கு ஹிந்தியில் வாசித்துக் காட்டினேன். ஒருவனுக்கும் புரியவில்லை. "பாபி ஜீத் கயி" என்று கத்தினார்கள். அண்ணி ஜெயித்துவிட்டாள் என்பது மட்டும் புரிந்திருக்கிறது. அது போதும்.

உன்னிடம் கேட்காமல் செய்தது தப்பு. சொல்லாமல் செய்ததில் இது இரண்டாவது. பால் வாங்கப் போனபோது கிளம்பியது முதல் தப்பு. மூன்றாவது வராது.

ஏன் செய்தேன் என்று கேட்கிறாய். ஒன்றேகால் வருமா, நாலு வருமா என்று எனக்குத் தெரியாதுதான். நீ கழற்றி மாட்டிப் பார்ப்பாய் என்பது தெரியும். பார்க்கும்போது குவார்ட்டர்ஸ் கெடு என்று ஒன்று உன் கழுத்தில் தொங்கக் கூடாது. கை நடுங்கினால் அளவு கெட்டுவிடும். அவ்வளவுதான். தூசி என்று வந்திருந்தாலும் அது உன் அளவாக இருந்திருக்கும், என் அவசரமாக இருந்திருக்காது.

சிவப்பு மை விஷயம். எங்கள் ஹெட் கிளார்க் அய்யாசாமி நல்ல மனிதர், திருநெல்வேலிக்காரர். ஃபாரத்தைப் பார்த்துவிட்டு, "எலே ராஜவேலு, பொண்டாட்டி படிக்கான்னு எழுதினா அடியில கொண்டு போட்டுருவாவ. முதுகுவலின்னு எழுது. டாக்டரு சீட்டு நான் வாங்கித் தாரேன். ஆறு மாசம் நிறுத்தி வைப்பாவ, ஒன் இடம் அப்படியே இருக்கும்" என்றார். எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் இல்லை. உன் சார் சாயா ஊற்றிக் கொடுத்த மாதிரிதான்.

பேனாவைக்கூட எடுத்தேன். உன் டிசம்பர் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. கையெழுத்துத்தான் போடுவேன், நம்ப மாட்டேன் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை எடுத்து இன்னொரு தரம் படித்தேன். உன்னை அப்படி எழுத வைத்தது என் நவம்பர் கடிதம். உனக்கு அன்று காலைதான் கையெழுத்துப் போடாதே என்று எழுதியிருக்கிறேன். நீ தூசி என்று எழுதக் கூடாதாம், நான் மட்டும் முதுகுவலி என்று எழுதுவேனாம். அது எப்படி?

உள்ள காரணத்தை எழுதினேன். கடைசி இடம் என்றார்கள். சரி என்றேன்.

ஏப்ரல் 8 காலை புது தில்லி ஸ்டேஷனில் இறங்குவேன். இருபத்திரண்டு நாள் லீவு. அந்த ஸ்வெட்டர் அப்போது தேவைப்படாது, நீயே வைத்துக்கொள். உன் லேபைப் பார்க்க வேண்டும். ஒரு மூலையில் நிற்கிறேன். உன் ஸ்டூலில் உட்கார மாட்டேன்.

ராஜவேல்